ஆறு தந்தியும் ஒரு தோள்பட்டையும்

"டேய், நாலு தந்தியே நமக்கு ஜாஸ்தி. இந்த வயசுல ஆறு எதுக்குடா?"

எங்கள் பழைய மெல்லிசைக் குழுவின் டிரம்மர் போனில் கேட்ட கேள்வி. அன்றைக்கு சிரித்து மழுப்பிவிட்டேன். இப்போது ஐந்து மாதம் ஆகிறது. அவனுக்குச் சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

பேஸ் கிட்டார் பற்றித் தெரியாதவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. சினிமாப் பாட்டில் டிரம்ஸுக்கும் தபேலாவுக்கும் அடியில் 'தும்... துதும்' என்று ஒரு நாதம் போகுமே, அதுதான். மிருதங்கத்தில் தொப்பிப் பக்கம் செய்கிற வேலை மாதிரி. இருக்கும்போது கவனிக்க மாட்டோம். இல்லாவிட்டால் பாட்டு அந்தரத்தில் தொங்கும். இளையராஜா பாட்டுகளில் அதுவே தனி மெட்டாக ஓடும். அவருக்கு வாசித்த சசிதரன், ரஹ்மானுக்கு வாசித்த கீத் பீட்டர்ஸ் போன்றவர்களின் விரல்களை, பெயர் தெரியாமலே நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம்.

1980களில் நானும் அதை வாசித்தேன். பகலில் தொழிற்சாலையில் டூல் ரூம் வேலை. சனி, ஞாயிறு தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் கல்யாண ரிசப்ஷனும் கோயில் திருவிழாவும். எங்கள் குழுவில் ஐந்து பேர். பெரியவள் பிறந்ததும் கையில் காசு நிற்கவில்லை, ஷிப்டும் ஒத்துவரவில்லை. நாலு தந்தி பேஸை விற்றேன். அதோடு சரி.

போன வருஷம் எங்கள் பாடகர் போன் செய்தார். குழுவில் அவர்தான் மூத்தவர். "தை மாசம் எனக்கு பீமரத சாந்தி. சாயங்காலம் நம்ம ஆளுங்க நாலு பாட்டு வாசிக்கணும். வேற யாரையும் கூப்பிட மாட்டேன்" என்றார். ஐந்து பேரில் கீபோர்ட்காரர் மகனோடு வெளிநாட்டில். கிட்டார் வாசித்தவன் 2021இல், கொரோனாவின் இரண்டாவது அலையில் போய்விட்டான். மிச்சம் பாடகர், டிரம்மர், நான். சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் தோள்பட்டை ஞாபகம் வந்தது.

எனக்குச் சர்க்கரை உண்டு. சர்க்கரைக்காரர்களுக்கு அதிகம் வரும் 'ஃப்ரோசன் ஷோல்டர்' இடது தோளில் வந்து உட்கார்ந்திருந்தது. கை முன்னால் ஒரு அளவுக்கு மேல் நீளாது. தினமும் சுவரில் விரல்களை எறும்பு மாதிரி ஏற்றிப் பயிற்சி செய்வேன். சரியாக ஒன்று, இரண்டு வருஷம் கூட ஆகலாம் என்றார் பிசியோதெரபிஸ்ட். தை மாசம் அவ்வளவு தூரத்தில் இல்லை.

தெரிந்த பையனிடம் நாலு தந்தி பேஸ் ஒன்றை இரவல் வாங்கி மடியில் வைத்துப் பார்த்தேன். நடுக் கழுத்தில் விரல்கள் தானாக ஓடின. ஆனால் கழுத்தின் கோடிக்கு, முதல் மெட்டுக்குக் கையைக் கொண்டுபோனபோது தோளில் யாரோ ஆணி அடித்த மாதிரி இருந்தது. (வீணையில் போல இதிலும் மெட்டுகள்தான், வாசிப்பவர்கள் ஃப்ரெட் என்பார்கள்.) பேஸில் வேலையே அந்தக் கோடியில்தான். கீழ் நாலு கட்டை சுருதி அந்த முதல் மெட்டில்தான் இருக்கிறது. கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் எதுவும் சொல்லவில்லை.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. எழுந்து ஒரு தாளில் தந்திகளைக் கோடு போட்டேன். நாலு தந்தி பேஸில் கனமான தந்தியிலிருந்து மூன்று, ஆறு, இரண்டு, ஐந்து கட்டை. ஆறு தந்தியில் இவற்றுக்குக் கீழே ஏழு கட்டையில் ஒன்று, மேலே ஒரு கட்டையில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் அடுத்தது சுத்த மத்தியமம். 1951இல் ஃபெண்டர் கம்பெனி நாலு தந்தியோடு ஆரம்பித்து வைத்தது. இந்த ஆறு தந்தி ஏற்பாட்டை ஆன்டனி ஜாக்சன் என்ற அமெரிக்க வாசிப்பாளர் 1975இல் கார்ல் தாம்சன் என்ற கைவினைஞரிடம் சொல்லிச் செய்ய வைத்தார். அவருக்கு வேண்டியிருந்தது கூடுதல் ஆழம். எனக்கு வேண்டியது வேறு.

நாலு தந்தியில் முதல் மெட்டில் இருக்கும் அதே நாலு கட்டை சுருதி, ஏழு கட்டைத் தந்தியில் ஆறாவது மெட்டில் கிடைக்கும். கழுத்தின் நீளம் தெரியும்: குதிரையிலிருந்து தலைப்பக்கம் வரை 34 அங்குலம். கணக்குப் போட்டேன். கை 20 சென்டிமீட்டர் உள்ளே வந்துவிடும். ஐந்தாவது மெட்டிலிருந்து எட்டாவது வரை கையை வைத்துவிட்டு, ஒரு விரலைக் கொஞ்சம் நீட்டிக்கொண்டால் இரண்டு ஸ்தாயிக்கு மேல் அங்கேயே வாசித்துவிடலாம். தோள் அசைய வேண்டாம்.

20 சென்டிமீட்டர். டூல் ரூமில் நூறில் ஒரு மில்லிமீட்டருக்குச் சண்டை போட்டவனுக்கு அது ஒரு மைதானம்.

புதிதாக வாங்க பென்ஷன் இடம் கொடுக்காது. மேடவாக்கம் பக்கம் ஒரு கல்லூரிப் பையன், வாங்கிச் சரிவராமல் கட்டிலுக்கு அடியில் போட்டுவைத்திருந்த ஒன்று 14,000 ரூபாய்க்குக் கிடைத்தது. "அங்கிள், உண்மையைச் சொல்லிடறேன். ஜிர்ருனு சத்தம் வரும், அழுத்தினா விரல் வலிக்கும், சுருதியும் நிக்காது" என்றான் பாவம். "அதனால என்ன தம்பி, நானும் அப்படித்தான்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் கீழ்க்கட்டளை வந்து சேர்ந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா, "வீணையா?" என்று கேட்டார். "அதுக்குத் தூரத்துச் சொந்தம்" என்றேன்.

வீட்டில் பிரித்துப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. விலை குறைந்த கருவி என்றால் மட்டமான கருவி என்று அர்த்தமில்லை. மரம் நன்றாகத்தான் இருந்தது. மெட்டுகள் நேராகத்தான் பதிந்திருந்தன. கடைசி இரண்டு மணி நேர வேலையை யாரும் செய்யவில்லை, அவ்வளவுதான். விலை குறைந்ததே அந்த இரண்டு மணி நேரத்தில்தான்.

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போனேன். பழைய ஆலன் கீ செட், சின்ன ஊசி அரங்கள், ஒரு பழைய கார் சீட் பெல்ட் வாங்கினேன். ஃபீலர் கேஜ் என்னிடமே இருந்தது. ரிடையர் ஆன அன்று என்னோடு வந்த ஒரே சொத்து.

முதல் வேலை கழுத்து. ஆறு தந்தியும் சேர்ந்து சுமார் நூறு கிலோ இழுக்கும். அந்த இழுப்புக்கு எதிராகக் கழுத்துக்குள் ஒரு எஃகுக் கம்பி இருக்கிறது. முதல் மெட்டையும் கடைசி மெட்டையும் அழுத்திக்கொண்டு, நடுவில் தந்திக்கும் மெட்டுக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜில் அளந்தேன்: 0.9 மில்லிமீட்டர். 0.3 போதும். ஆலன் கீயை வலப்பக்கம் கால் சுற்று, பிறகு ஒரு ராத்திரி காத்திருப்பு, மறுபடி கால் சுற்று. மூன்று நாள் ஆனது. மரத்தை அவசரப்படுத்தக் கூடாது. என் தோளைப் பற்றி பிசியோதெரபிஸ்ட் சொன்னதும் இதுவேதான்.

இரண்டாவது, தலைப்பக்கம் தந்திகள் ஏறி உட்காரும் சின்ன வெள்ளைத் துண்டு. 'நட்' என்பார்கள். அதில் உள்ள காடிகள் ஆழம் போதாமல் தந்திகள் உயரமாக நின்றன. பையனுக்கு விரல் வலித்த காரணம் அதுதான். ஊசி அரத்தால் ஒவ்வொன்றாக இறக்கினேன். ஐந்து காடி அழகாக வந்தது. ஆறாவது, எனக்கு மிகவும் வேண்டிய ஏழு கட்டைத் தந்தியின் காடி, கொஞ்சம் கர்வத்தில் ஒரு இழுப்பு அதிகமாகிவிட்டது. தந்தி முதல் மெட்டில் உட்கார்ந்துகொண்டு ஜிர்ர் என்றது. நாற்பது வருஷம் அரம் பிடித்த கை!

சமையலறைக்குப் போய் ஆப்ப சோடா டப்பாவை எடுத்தேன். "ஏங்க, அதை எங்க எடுத்துட்டுப் போறீங்க?" என்றாள் மனைவி. காடியில் துளி சோடாவைத் தூவி அதன்மேல் ஒரு சொட்டு ஃபெவிகுவிக் விட்டால், உடனே கல் மாதிரி இறுகிவிடும். மறுபடி அரம். இந்தத் தடவை இரண்டு இழுப்புக்கு ஒரு தடவை அளந்து பார்த்தேன். டப்பாவைத் திருப்பி வைத்தபோது, "இதுல பசை கிசை ஒண்ணும் விழலையே?" என்று ஒரு விசாரணை.

மூன்றாவது, உயரமும் சுருதியும். குதிரையில் தந்திக்கு ஒன்றாக ஆறு சின்ன இரும்புத் துண்டுகள் இருக்கும். அவற்றை ஏற்றி இறக்கி, பன்னிரண்டாவது மெட்டில் கனமான தந்திக்கு 2.5 மில்லிமீட்டர், மெல்லியதற்கு 2 என்று வைத்தேன். அதே மெட்டில் அழுத்தி வாசித்தால் திறந்த தந்தியின் மேல் ஸ்தாயி சுத்தமாகக் கேட்க வேண்டும். தூக்கலாகக் கேட்டால் துண்டைப் பின்னால் தள்ள வேண்டும். ஏழு கட்டைத் தந்திக்கு எவ்வளவு தள்ளியும் போதவில்லை. பின்னால் இருந்த ஸ்பிரிங் இடித்தது. ஸ்பிரிங்கில் பாதியை வெட்டினேன். இடம் கிடைத்தது, சுருதி நின்றது.

நாலாவது, இரைச்சல். ஆம்ப்ளிஃபையரைப் போட்டால் 'உம்ம்' என்று வண்டு. தந்தியைத் தொட்டால் குறைந்தது. அப்படியானால் உள்ளே கவசம் போதாது என்று அர்த்தம். ரிச்சி தெருவில் செப்புத் தகடு டேப் வாங்கி வந்து, பின்பக்க மூடியைத் திறந்து, குழி முழுக்க ஒட்டி எர்த்தோடு சேர்த்தேன். முக்கால்வாசி அடங்கியது. மிச்சம் கால்வாசி எங்கே என்று தேடினால், ஹாலில் அந்தப் பிளக் பாயின்ட்டில் எர்த் கம்பியே சேர்க்கப்படவில்லை. இருபது வருஷமாக அதில்தான் அயர்ன் பாக்ஸ் போட்டிருக்கிறோம். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைச் சரி செய்தேன். கிட்டார் வாங்கியதில் என் மனைவி ஒப்புக்கொண்ட ஒரே லாபம் அது. உங்கள் வீட்டிலும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு தொல்லை. ஒரு தந்தியை வாசிக்கும்போது மற்ற ஐந்தும் கூடவே முனகும். கழுத்தின் தலைப்பக்கம் துணியால் இலேசாகக் கட்டினால் நிற்கும். பேத்தி விட்டுப்போன நீல நிறத் துணி ரப்பர் பேண்ட் கச்சிதமாகப் பொருந்தியது. சீட் பெல்ட்டைத் தையல்காரர் தோள் வாராக்கிக் கொடுத்தார். கருவி நாலு கிலோவுக்கு மேல். அகலமான வார் இல்லாவிட்டால் நல்ல தோளும் போய்விடும்.

செலவுக் கணக்கு: கருவி 14,000, புதுத் தந்திகள் 3,200, செப்பு டேப் 350, சந்தைச் சாமான் 430. மொத்தம் 17,980 ரூபாய்.

முதல் நாள் ஏழு கட்டைத் தந்தியைத் திறந்து அடித்தேன். நொடிக்கு 31 அதிர்வு. என் சின்ன ஆம்ப்ளிஃபையரால் அவ்வளவு கீழே முழுசாகப் போக முடியாது. மேலே உள்ள அனுசுரங்களைக் கேட்டுக் காதுதான் மிச்சத்தை நிரப்பிக்கொள்ளும். இருந்தாலும் ஜன்னல் அதிர்ந்தது. கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, "மெட்ரோக்காரங்க மறுபடியும் ஆரம்பிச்சிட்டாங்களா சார்?" என்றார். எங்கள் தெருக்கோடியில் ரொம்ப நாளாகத் தூண் வேலை நடந்ததால் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆறாவது மெட்டில் விரலை வைத்தேன். நாலு கட்டை வந்தது. தோள் ஒன்றும் சொல்லவில்லை.

மார்கழியில் டிரம்மரும் பாடகரும் ஒத்திகைக்கு வீட்டுக்கு வந்தார்கள். டிரம்ஸ் இல்லை, அவன் ஒரு தலையணையில் குச்சியால் தட்டினான். மூன்று பாட்டு முடிந்தது. நாலாவது பாடகர் விருப்பம்: 'இளைய நிலா', பயணங்கள் முடிவதில்லை, 1982. எங்கள் மேடைகளில் சீட்டு எழுதி அனுப்பிக் கேட்பார்கள். அதன் ஆரம்பத்தில் வரும் கிட்டார் அவனுடைய இடம். அவன் தொட்டதும் ஜனங்கள் விசில் அடிப்பார்கள்.

"அதை விட்டுட்டு நேரா பல்லவிக்குப் போயிடலாம்" என்றார் பாடகர்.

நான் ஒன்றும் சொல்லாமல் மெல்லிய தந்திகளுக்கு விரலை நகர்த்தினேன். இரண்டு மாதமாக யாருக்கும் தெரியாமல் பழகியது. கிட்டாரில் வருவது மாதிரி வராது. ஒரு ஸ்தாயி கீழே, கொஞ்சம் தடித்த குரலில், எலும்புக்கூடு மட்டும்தான் வந்தது. ஒரு இடத்தில் தப்பு. முடித்துவிட்டு நிமிர்ந்தால் டிரம்மர் குச்சியைக் கீழே வைத்துவிட்டிருந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து, "அந்த மூணாவது சுற்றுல அவன் அவசரப்படுவான், நினைவிருக்கா?" என்றான்.

"இருக்கு."

"அதே மாதிரி அவசரமா வாசி."

மறுபடி வாசித்தேன். ஆறு எதற்கு என்று அவன் அப்புறம் கேட்கவில்லை.

பீமரத சாந்தி தை மாதம் நல்லபடியாக நடந்தது. நாலு பாட்டும் உட்கார்ந்துதான் வாசித்தேன். தோள் இப்போது கொஞ்சம் பரவாயில்லை; சுவரில் விரல் முன்பைவிட ஒரு சாண் மேலே ஏறுகிறது. மழைக்காலத்துக்குப் பிறகு கழுத்து சற்று நகர்ந்திருக்கிறது. நாளைக்குக் கால் சுற்று திருப்ப வேண்டும்.