சீனி வருத்தமும் பெருங்குடலும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் 'நீரிழிவு' என்ற சொல் ஏட்டிலும் கிளினிக் சுவரொட்டியிலுமே வாழ்கின்றது. மக்கள் நாவில் வழங்குவது 'சீனி வருத்தம்' என்பதே. முதியோர் சிலர் இன்றும் 'சலரோகம்' என்பர். பெயர் எதுவாயினும் அதனால் விளையும் கேடுகளை எம்மவர் நன்கு அறிவர். கால்விரலில் வந்த புண் ஆறாவிடில் காலையே எடுக்க நேரிடும், கண் மங்கும், சிறுநீரகம் பழுதாகும், மாரடைப்பு நோவின்றியே வந்து சேரும். பள்ளிக்கூட வாசலை மிதியாத மூதாட்டியும் இவற்றை விரல்மடித்து எண்ணிச் சொல்லுவார். அந்த எண்ணிக்கையில் பெருங்குடல் மட்டும் இடம்பெறுவதில்லை.

என் தாய்மாமனும் அவ்வாறே எண்ணியிருந்தார். படுவான்கரையில் வேளாண்மை செய்பவர். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சீனி வருத்தக்காரர். தயிருக்குச் சீனி போடுவதை நிறுத்திவிட்டதைப் பெரிய துறவறமாகவே சொல்லிக்கொள்வார். மூன்று வேளைச் சோறு பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார். மலத்துடன் இரத்தம் போகத் தொடங்கியபோது, அது மூலம் என்று தாமே தீர்மானித்தார். உடம்புச் சூடு என்றார், கருணைக்கிழங்கு தேடினார், கை மருந்து செய்தார். மாமிக்குக்கூடச் சொல்லாமல் ஓராண்டுக்கு மேல் கழித்தார். ஒருநாள் வட்டைக்குள் தலைசுற்றி விழுந்த பின்னரே வைத்தியசாலைக்குச் சென்றார். இரத்தம் மிகவும் குறைந்திருந்தது. கொலனோஸ்கோப்பி எனப்படும் உள்நோக்குக் குழாய்ப் பரிசோதனையில் நான்கு சிறு வளர்ச்சிகள் தென்பட்டன. ஒன்று ஒரு சென்ரிமீற்றருக்கும் பெரியது. நான்கையும் அந்தக் குழாய் வழியாகவே அகற்றினர். புற்றுநோய் இல்லை, ஆனால் அதற்கு முந்திய படி என்று அறிக்கை வந்தது.

வைத்தியர் அவரிடம் முதலிற் கேட்டது, "சீனி எவ்வளவு காலம்?" என்பது. குடலைக் காட்டப் போனவரிடம் சீனியைப் பற்றிக் கேட்டது மாமாவுக்குச் சினத்தை மூட்டியது. எனக்கோ அந்த வினா மனத்தை விட்டு அகலவில்லை. கலைப்பீட மாணவருக்கு இத்தகைய விடயத்தில் என்ன அலுவல் என்று நண்பர் ஒருவர் கேட்டார். குடல் எல்லாப் பீடத்தாருக்கும் உண்டு என்பதற்கு மேல் அவருக்குச் சொல்ல என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

பெருங்குடலின் உட்சுவர் ஓயாது தன்னைப் புதுப்பித்துக்கொள்வது. சில நாட்களுக்கு ஒருமுறை அதன் மேற்படைக் கலங்கள் உதிர்ந்து புதியவை தோன்றுகின்றன. இவ்வளவு விரைவான பெருக்கத்தில் பிழைகள் நேர்வது இயல்பே. வளர்ச்சிக்குக் கடிவாளமாக உள்ள ஏபிசி என்னும் பரம்பரையலகு பழுதுறும்போது கலங்கள் அளவின்றிப் பெருகிச் சிறு முளையாகத் திரள்கின்றன. இதனை அடினோமா என்பர். நான் இங்கு 'விழுது' என்றே எழுதுகின்றேன். ஒரு பிழையோடு புற்றுநோய் வந்துவிடுவதில்லை. பிழைமேற் பிழை அடுக்கடுக்காகச் சேரவேண்டும். 1990 ஆம் ஆண்டு பியரன், வோகல்ஸ்டைன் என்னும் இருவர் இந்தப் படிமுறையை விளக்கினர். பெரும்பாலான விழுதுகள் புற்றாக மாறுவதேயில்லை. மாறுபவையும் பொதுவாகப் பத்தாண்டு அளவில் காலம் எடுத்துக்கொள்கின்றன. ஒரு நோய் தன் வருகையை இவ்வளவு முன்கூட்டியே அறிவிப்பது அரிது. ஆனால் அது அறிவிக்கும் இடம் எவரும் எட்டிப்பாராத இடமாக அமைந்துவிட்டது. விழுது வலிப்பதில்லை, பெரும்பாலும் இரத்தமும் காட்டுவதில்லை. கண்டு அகற்றினால் பயன் பெரிது. அமெரிக்காவில் நடைபெற்ற தேசிய விழுது ஆய்வின் முடிவுகள் 1993 இல் வெளியாகின. விழுதகற்றப்பட்டவர்களிடம், எதிர்பார்க்கப்பட்டதைவிடப் பெருங்குடற் புற்று முக்காற் பங்குக்கும் மேலாகக் குறைந்திருந்ததை அவை காட்டின.

இனிச் சீனியின் பங்கினை நோக்குவோம். சுவீடன் நாட்டு ஆய்வாளர் மூவர் 15 ஆய்வுகளைத் தொகுத்து, 25 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளை 2005 இல் ஆராய்ந்தனர். நீரிழிவு உள்ளோர்க்குப் பெருங்குடல், மலக்குடற் புற்று வரும் வாய்ப்பு மற்றையோரை விட ஏறத்தாழ 30 வீதம் கூடுதல் என்று கண்டனர். அதாவது பத்துப் பேருக்கு வருமிடத்தில் பதின்மூவருக்கு வரும். விழுதுகளை மட்டும் தனியே நோக்கிய பிற்கால ஆய்வுகளிலும் நீரிழிவுள்ளோரிடம் அவை மிகுதியாகவே காணப்பட்டன.

காரணம் சீனி என்பதைவிட இன்சுலின் என்பதே பொருத்தமாகும். இரண்டாம் வகை நீரிழிவின் தொடக்க ஆண்டுகளில் உடல் இன்சுலினுக்குச் செவிசாய்ப்பதில்லை. ஆகவே சதையி மேலும் மேலும் அதனைச் சுரக்கின்றது. நோய் இனங்காணப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே இந்த மிகை நீடிக்கும். இன்சுலின் குருதியிலுள்ள குளுக்கோசை ஆள்வதோடு நிற்பதில்லை. கலங்களை வளரவும் தூண்டுகின்றது. மேலும், இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணி என்ற இன்னொரு பொருளைக் கட்டிவைத்திருக்கும் புரதங்களைக் குறைத்து, அதனையும் கட்டவிழ்த்து விடுகின்றது. வயலில் யூரியா வீசுபவர் நெல்லை நினைத்தே வீசுகின்றார். ஆனால் கோரையும் சேர்ந்து கொழுக்கின்றது. வளர்ச்சி ஓமோன் மிகுந்து கைகால்கள் பருக்கும் அரிய நோய் உள்ளவர்களிடம் இந்தக் காரணி உயர்ந்திருப்பதும், அவர்களிடம் குடல் விழுதுகள் கூடுதலாகக் காணப்படுவதும் இக்கருத்துக்கு வலுவூட்டுகின்றன.

எனினும் பழி முழுவதையும் இன்சுலின்மீது போடுவது நியாயமன்று. வயிற்றுக் கொழுப்பு, உடலுழைப்பின்மை, புகைத்தல் ஆகியவை நீரிழிவுக்கும் விழுதுக்கும் பொதுவான தோழர்கள். மாமாவின் தந்தை வட்டைக்கு நடந்து போய், நின்று வெட்டி, சூடு மிதித்து, குத்தரிசிச் சோறு உண்டவர். மாமா மோட்டார் சைக்கிளில் போய், வெட்டு மெசின் வேலை செய்வதை வரம்பில் நின்று பார்த்துவிட்டு, மில்லில் தீட்டிய வெள்ளையரிசிச் சோற்றைத் தந்தை உண்ட அளவிலேயே உண்பவர்.

இவ்விடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். இன்சுலின் ஊசிக்கு அஞ்சி ஓடுவோர் எம்மிடையே முன்னரே பலர். இந்தக் கட்டுரையைக் காட்டி எவரும் ஊசியை நிறுத்திவிடலாகாது. பன்னீராயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆறாண்டுகள் அளவில் பின்தொடர்ந்து 2012 இல் வெளியான 'ஒரிஜின்' ஆய்வில், இன்சுலின் ஏற்றியவர்களிடம் புற்றுநோய் கூடியதாகக் காணப்படவில்லை. மறுபுறம், எம் வீடுகளில் தட்டுத் தட்டாய்க் கிடக்கும் மெற்போமின் குளிசையைப் பற்றி யப்பானிலிருந்து 2016 இல் ஒரு செய்தி வந்தது. விழுதகற்றப்பட்ட, நீரிழிவற்ற 151 பேரில் ஒரு சாராருக்கு அதனைச் சிறு அளவில் ஓராண்டு கொடுத்தபோது, அவர்களிடம் புதிய அடினோமாக்கள் குறைவாகத் தோன்றின: மருந்துண்டோரில் நூற்றுக்கு 31 பேரளவிலும், வெறுங்குளிசை உண்டோரில் 52 பேரளவிலும். ஆய்வு சிறியது, காலமும் குறுகியது. இதை நம்பிக் குளிசை விழுங்குவதும் பேதைமையே.

எமது நாட்டில் 2005, 2006 ஆம் ஆண்டுகளில் நடந்த பெரிய நீரிழிவு ஆய்வு, இருபது வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 வீதத்தினருக்கு இந்நோய் உண்டு என்றது. ஆனால் ஒன்பது மாகாணங்களில் ஏழில் மட்டுமே அது நடைபெற்றது. போரின் காரணமாக வடக்கும் கிழக்கும் விடப்பட்டன. நாட்டின் நீரிழிவுக் கணக்கு என்று பல ஆண்டுகள் மேற்கோள் காட்டப்பட்ட எண்ணில் வாவியின் இரு கரைகளும் இல்லை. பின்னர் 2015 இலும் 2021 இலும் நாடளாவிய தொற்றாநோய்க் கணிப்புகள் நடந்தன; ஆயினும் அவை குடலை நோக்கியவையல்ல.

குடலைப் பற்றி எம்மிடம் கணக்கு மட்டுமன்று, பேச்சும் இல்லை. மலத்தில் இரத்தம் கண்டால் வாய்க்கு வருவது 'மூலம்' என்ற ஒரே சொல். அச்சொல் வந்தவுடன் ஆராய்ச்சி முடிந்துவிடுகின்றது. பெண்கள் அந்தச் சொல்லையும் சொல்வதில்லை. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் கலைச்சொல்லாக்கத்திற்கு உழைத்தவர். அறிவியலைத் தமிழிற் சொல்ல இயலாது என்ற காலத்தில் இயலும் என்று காட்டிய தலைமுறையினர். ஆனால் பல்கலைக்கழகத்துக்குச் சொல் ஆக்குவது வேறு. அடுப்படியில் தாயும் மகளும் கூச்சமின்றிப் பேசுவதற்குச் சொல் ஆக்குவது வேறு. பின்னையதை எந்தக் குழுவும் கூடிச் செய்துவிட முடியாது.

இது எங்கள் வீட்டிலேயே தெளிவாயிற்று. பெரிய விழுது கண்டவரின் உடன்பிறந்தோர் நாற்பது வயதளவில் தாமும் பரிசோதித்துக்கொள்வது நல்லது என்று மாமாவிடம் வைத்தியர் சொல்லியிருந்தார். என் தாயாருக்கு வயது நாற்பத்தாறு. நான்கு ஆண்டுகளாகச் சீனி வருத்தம். "எனக்கு நோவு ஒண்டுமில்லையே மனே" என்பதே அவரது முதல் மறுமொழி. நோவில்லாதபோதுதான் பார்க்கவேண்டும் என்பதை எத்தனை வகையாகச் சொல்லியும் அது அவருக்கு விடுகதையாகவே பட்டது. அடுத்த வினா, பார்க்கப் போவது பெண் வைத்தியரா என்பது. மூன்றாவதற்கு எனக்கும் மறுமொழி எளிதாக அகப்படவில்லை. பரிசோதனைக்கு முன் குடலைக் கழுவப் பல இலீற்றர் பேதி நீர் குடிக்கவேண்டும். நீரிழிவுள்ளோர்க்குக் குடல் மெதுவாக அசைவதால் கழுவுதலும் எளிதிற் கூடிவராது. உணவைக் குறைக்கும் நாட்களில் குளிசையையும் வைத்தியரைக் கேட்டே மாற்றவேண்டும். இல்லையேல் சீனி இறங்கி மயக்கம் வரும். இவ்வளவையும் செய்துகொண்டு படுவான்கரையிலிருந்து விடியற்காலை பஸ் ஏறுவது எப்படி? மண்முனையில் 2014 இல் பாலம் திறக்கப்படுமுன் படகுப் பாதைக்குக் காத்துக் கிடந்த காலத்தோடு ஒப்பிட்டால் இன்று வழி எளிதே. ஆனால் பேதி நீர் குடித்த வயிற்றுக்குப் பஸ்ஸில் ஏது ஒதுக்கிடம்!

ஒரு மாதம் பேசி, மாமா வந்து இரண்டு முறை ஏசிய பின்னர், பெரும்போக வெட்டு முடியட்டும் என்ற நிபந்தனையோடு தாயார் இசைந்திருக்கின்றார். முதல்நாளே கல்லடியில் உள்ள சின்னம்மா வீட்டுக்குப் போய், அங்கிருந்தே மருந்தைக் குடித்து, காலையில் முச்சக்கர வண்டியில் வைத்தியசாலைக்குப் போவது என்று ஏற்பாடு. மாமாவுக்கு மூன்று ஆண்டுகளில் மீண்டும் குழாய்ப் பரிசோதனை உண்டு. இடைக்காலத்தில் அவர் வாடியில் கூடும் ஆண்களிடம், சீனி எவ்வளவு என்று கேட்டு முடித்த கையோடு, "வெளிக்குப் போறது எப்பிடி, இரத்தம் கிரத்தம் கண்டியா?" என்றும் கேட்கத் தொடங்கியிருக்கின்றார். சிலர் சிரிக்கின்றனர், ஒருவர் மட்டும் மறுநாள் தனியாக வந்து அவரைக் கண்டு பேசியிருக்கின்றார்.