ஆமாம் என்று எழுதிக்கொள்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., புள்ளியியல்)

பெசன்ட் நகர் என்றதும் நண்பர்கள் பலருக்கும் எலியட்ஸ் கடற்கரையும், அஷ்டலட்சுமி கோயிலும், வேளாங்கண்ணி மாதா ஆலயமும்தான் நினைவுக்கு வரும். அந்தக் கடற்கரையில் வடக்கே, அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தை நோக்கி நடந்தால் ஊரூர் ஆல்காட் குப்பம் வரும். நான் அங்கே பிறந்தவன். அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா மீன் விற்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. சொல்லப்போகும் கதைக்கு இது தேவைப்படுகிறது.

சென்ற பருவத்தில் எங்கள் வகுப்பு மாணவர்கள் சிலர் கூடி, பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாக மாலை வகுப்பு நடத்துவது என்று முடிவு செய்தோம். எங்கே நடத்துவது? ஆளுக்கொரு பகுதியில் கணக்கெடுத்து, தேவை எங்கே மிகுதியோ அங்கே நடத்தலாம் என்றார் எங்கள் பேராசிரியர். என் பங்குக்கு என் குப்பத்தையே கேட்டு வாங்கிக்கொண்டேன். நாற்பது வீடுகள், பன்னிரண்டு கேள்விகள். வினாப்பட்டியலை நானே எழுதினேன். அதில் ஏழாவது கேள்வி இது: "பிள்ளையின் படிப்புக்கு வீட்டில் பெரியவர்கள் உதவுகிறார்களா? ஆம் / இல்லை."

ஒரு சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் புறப்பட்டேன். போன இடமெல்லாம் வரவேற்புதான். "வா கண்ணு, மோர் குடிக்கிறியா?" என்று உட்கார வைத்தார்கள். ஏழாவது கேள்விக்கு ஏறக்குறைய எல்லா வீட்டிலும் "ஆமாம்" என்றே பதில் வந்தது. இரண்டே நாளில் வேலை முடிந்தது. சதவீதம் கண்டு, வட்டப்படம் வரைந்து, வண்ணம் தீட்டிப் பேராசிரியரிடம் கொண்டுபோனேன். என் கணக்கின்படி எங்கள் குப்பத்துக்கு மாலை வகுப்பே தேவையில்லை!

அவர் படத்தைப் பார்க்கவில்லை. மூன்று கேள்விகள் கேட்டார்.

"எத்தனை மணிக்குப் போனாய்?"

"பதினொரு மணிக்கு, ஐயா."

"அந்நேரம் வீட்டில் யார் இருப்பார்கள்?"

எனக்குச் சுருக்கென்றது. விடியுமுன் கடலுக்குப் போன ஆண்கள் திரும்பி வந்து வலை பார்த்துக்கொண்டோ, தூங்கிக்கொண்டோ இருக்கும் நேரம். பெண்கள் கூடையோடு மார்க்கெட்டுக்குப் போயிருப்பார்கள். எனக்குப் பதில் சொன்னவர்களில் பாதிக்கு மேல் பாட்டிமார்கள்.

"எந்த வீடுகளுக்குப் போனாய்?"

"தெரிந்த வீடுகளுக்கு, ஐயா." என்னைத் தெரிந்த வீடுகள் என்றால், என்னோடு படித்தவர்களின் வீடுகள்; படிப்பில் அக்கறை உள்ள வீடுகள்.

"உன் வீட்டில் கேட்டாயா?"

நான் சிரித்துவிட்டேன். "என் வீட்டைப் பற்றி எனக்குத் தெரியாதா, ஐயா?"

"கேட்டுப் பார்" என்றார்.

அன்றிரவு சாப்பாடு முடிந்ததும் விளையாட்டாகத் தாளை எடுத்துக்கொண்டு அம்மாவின் எதிரில் உட்கார்ந்தேன். ஏழாவது கேள்வி வந்தது. அம்மா என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, "ஆமான்னு எழுதிக்கோ" என்றார்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என் மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அவர் கைநாட்டு வைத்ததை மறைத்து மடித்துக்கொண்டு போனவன் நான். "என்னம்மா, நீ எங்கே எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தே?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அம்மா தட்டுகளை எடுத்து வைத்தபடியே சொன்னார்: "பாடம் சொல்லிக் கொடுத்தியான்னா கேட்ட? உதவி பண்ணியான்னுதானே கேட்ட? பத்தாவது பரீட்சைக்கு நீ முழிச்சிருந்த ராத்திரியெல்லாம் நானும் முழிச்சிருந்தேன். கரண்ட் போனா விளக்கைப் பிடிச்சிட்டு நின்னேன். அது உதவி இல்லையா? இல்லைன்னு எழுதினா, பெத்தவ ஒண்ணுமே செய்யலைன்னு ஆயிடும்."

சற்று நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னார்: "சுனாமிக்கப்புறம் எத்தனை பேர் நோட்டைத் தூக்கிட்டு வந்தாங்க! எதைச் சொன்னா என்ன கிடைக்கும், எதைச் சொன்னா என்ன கைவிட்டுப் போகும்னு யாருக்குத் தெரியும்? கேக்கறவங்க முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொன்னோம்."

அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மா சொன்னது பொய்யா, மெய்யா? இரண்டுமே இல்லை. என் கேள்விதான் ஒரே சொல்லுக்குள் இரண்டு பொருளை வைத்திருந்தது. பாடத்தில் உதவி வேறு, பக்கத்தில் விழித்திருப்பது வேறு. நான் அளக்க நினைத்தது ஒன்று. என் அளவுகோல் அளந்தது மற்றொன்று. மேலும், தெரிந்த பிள்ளை, கல்லூரியில் படிக்கிற பிள்ளை வந்து கேட்கும்போது எந்தத் தாய்தான் "இல்லை" என்பாள்?

பேராசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு பழைய வரலாற்றைச் சொன்னார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கு முதல் பேராசிரியராக வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். அவர் தம் மாணவர்களிடம் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்து, விடுமுறையில் கிராமங்களை ஆராய்ந்து வரச் சொன்னார். அந்த ஆய்வுகள் 1918-இல் நூலாக வெளிவந்தன. அவற்றுள் ஒன்று, இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள இருவேல்பட்டு. அதே ஊரை 1930களிலும், 1980களிலும், பின்னர் 2008-லும் அறிஞர்கள் திரும்பப் போய் ஆராய்ந்தார்கள். 1980களில் போனவர்களில் ஒருவரான எஸ். குகன், நம் அடையாறு காந்தி நகரில் 1971 முதல் இயங்கிவரும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர். ஒரே ஊரைத் திரும்பத் திரும்பப் பார்த்ததால்தான் நிலமும் கூலியும் எப்படி மாறின என்று ஒப்பிட முடிந்தது.

"ஸ்லேட்டர் காலத்தில் பல்கலைக்கழகம் வந்தவர்கள் பெரும்பாலும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் போய்க் கேட்டால் கூலியாள் மனம் திறந்து பேசியிருப்பாரா என்று யோசி. நீ குப்பத்துப் பிள்ளை. உன்னிடம் பேசுவார்கள், ஆனால் உன்னிடம் வெட்கப்படவும் செய்வார்கள். கேட்பவன் யார் என்பதும் ஆய்வில் ஒரு பகுதிதான்" என்றார்.

2005 முதல் 'பிரதம்' அமைப்பு நடத்திவரும் 'அசர்' ஆய்வைப் பற்றியும் அவரே விளக்கினார். கிராமப்புறங்களில் நடக்கும் அந்த ஆய்வில், "பிள்ளைக்குப் படிக்கத் தெரியுமா?" என்று பெற்றோரைக் கேட்டு எழுதிக்கொள்வதில்லை. எழுத்து, சொல், முதல் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை என்று அச்சிட்ட தாளைப் பிள்ளையிடமே கொடுத்துப் படிக்கச் சொல்கிறார்கள். அதையும் வீட்டுக்குப் போய்ச் செய்கிறார்கள். பள்ளிக்கு அன்று வராத பிள்ளையைப் பள்ளியில் எப்படிக் காண முடியும்? ஊரை நான்கு பகுதியாக்கி, ஒவ்வொன்றிலும் ஐந்தாவது வீடாக எண்ணி, மொத்தம் 20 வீடுகளைத் தேர்கிறார்கள். "தெரிந்த வீடு" என்ற சலுகை அங்கே இல்லை.

நானும் மீண்டும் புறப்பட்டேன். சீட்டுப் போட்டு முதல் வீட்டை எடுத்து, அதிலிருந்து ஒவ்வொரு நான்காவது வீடாக எண்ணினேன். விளக்கு வைத்த பிறகு போனேன். பாதி வீடுகளுக்கு, எங்களை அறியாத தி.நகர் நண்பன் போனான். ஐந்து வீடுகளில் முதலில் கேட்டுப் பார்த்து, புரியாத சொற்களை மாற்றினேன். ஏழாவது கேள்வி இப்போது இரண்டாயிற்று: "நேற்றிரவு பிள்ளை படிக்கும்போது பக்கத்தில் யார் இருந்தார்கள்?", "பாடத்தில் சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பான்?" கடைசியில் பிள்ளையை ஒரு பக்கம் படிக்கவும் சொன்னோம்.

முதல் கேள்விக்கு அம்மா, பாட்டி, அக்கா என்று பதில் வந்தது. இரண்டாவதற்குப் பல வீடுகளில், "யாரைக் கேக்கறது?" என்ற திருப்பிக் கேட்ட கேள்விதான் பதில். முதல் கணக்கெடுப்பில் ஒரு பாட்டி, "பேரன் நல்லா படிக்கிறான்" என்று சொல்லியிருந்தார். சீட்டில் அந்த வீடு மீண்டும் வந்தது. ஐந்தாம் வகுப்புப் பையன் புத்தகத்தைப் பார்த்து மடமடவென்று சொன்னான். வேறு பக்கத்தைத் திருப்பியதும் நின்றுவிட்டான். அத்தனையும் மனப்பாடம். பாட்டி பொய் சொல்லவில்லை. தினமும் அவன் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். என் வண்ணப் படத்தை அப்படியே ஏற்றிருந்தால் அந்தப் பையன் அதில் ஒரு "ஆம்" ஆகவே இருந்திருப்பான்.

இரண்டு கணக்கையும் அருகருகே போட்டு, "நிலைமை மோசமாகியிருக்கிறது" என்று எழுதலாம் என்றான் நண்பன். கூடாது என்று நானே சொன்னேன். வீடுகள் வேறு, நேரம் வேறு, கேள்வி வேறு. அளவுகோலை மாற்றிவிட்டு, வளர்ந்தது, தேய்ந்தது என்று பேசக்கூடாது. இதைச் சொல்லும்போது, நான் புள்ளியியல் மாணவன் என்று முதன்முறையாக எனக்குத் தோன்றியது.

நண்பர்களே, புள்ளிவிவரம் பொய் சொல்லும் என்று கேலி பேசுகிறோம். எண்கள் என்ன செய்யும், பாவம்! அவற்றை நாம் எந்த நேரத்தில், எந்த வாசலில், எந்தச் சொல்லால் கேட்டு வாங்கினோம் என்பதை முதலில் நம்மையே கேட்டுக்கொள்வோம்.

இப்போது எங்கள் குப்பத்தில் வலை பின்னும் கொட்டகையில் வாரம் மூன்று நாள் மாலை வகுப்பு நடக்கிறது. அந்தப் பையன் முன்வரிசையில் உட்காருகிறான். கூடை இறக்கியதும் அம்மாவும் சில நாள் வந்து ஓரமாக உட்காருகிறார்.

எங்கள் வீடு சீட்டில் வரவில்லை. ஆகவே அம்மாவின் தாள் கணக்கில் சேரவில்லை. அது என் குறிப்பேட்டில் இருக்கிறது. ஏழாவது கேள்வியில் ஆம் என்பதையும் நான் வட்டமிடவில்லை, இல்லை என்பதையும் வட்டமிடவில்லை. ஓரத்தில் மட்டும் எழுதியிருக்கிறேன்: "விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்."