பயிற்சிப் பதிவேடும் பயிற்றுநரின் பொறுப்பும்

திருத்தணி போன்ற மலைக்கோயில் ஊரின் கல்லூரிக் கால்பந்து அணி ஒரு பருவம் முழுவதும் தோற்றுத் திரும்பினால், முதலில் விளக்கம் கேட்கப்படுபவர் அதன் பயிற்றுநரான உடற்கல்வி இயக்குநர்தான். கபடி, கைப்பந்து, தடகளம் என அனைத்தையும் பெரும்பாலும் ஒருவரே கவனிக்க வேண்டிய அந்தப் பதவியில் இருப்பவர், ஆடிக் கிருத்திகைக் காவடிக் கூட்டத்தில் ஊர் நிறைந்து மாலைப் பயிற்சி தடைபடும் நாட்களையும், தேர்ந்த ஆட்டக்காரர்கள் மூன்றாமாண்டை முடித்து வெளியேறிய ஆண்டையும் சமாளித்தே பதினொருவரைத் திரட்டுகிறார். இவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அவர் பதில் சொல்ல வேண்டியவை மிஞ்சுகின்றன.

அவை பயிற்சிப் பதிவேட்டில், அதாவது அன்றாட வருகையும் பயிற்சியும் வாங்கிய கோல்களும் குறிக்கப்படும் நோட்டில், தெரியும். எடுத்துக்காட்டாக, கார்னர் கிக், அதாவது தற்காப்பு அணியினர் கடைசியாகத் தொட்ட பந்து அவர்களுடைய கோல் கோட்டைத் தாண்டியதும் எதிரணிக்குக் கிடைக்கும் மூலை உதை, உயர்ந்து வரும்போது, தடுப்பாட்டக்காரர் பந்தையே பார்த்து நின்று, தாம் காவல் காக்க வேண்டியவரைத் தவறவிட்டுவிடுகிறார். முதல் முறை அது அந்த மாணவரின் பிழை. அதே பருவத்தில் மூன்றாம் முறையும் நேர்ந்தால் அது பயிற்றுநரின் பிழை.

ஆட்டக்காரரின் பிழைக்கும் பயிற்றுநரின் பிழைக்கும் உள்ள இந்த வேறுபாட்டைச் சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணியின் வரலாறு இன்னும் கூர்மையாக்குகிறது. பயிற்றுநர் ஜான் கிரிகரியின் கீழ் 2017-18இல் இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்ற அணி, அடுத்த பருவத்தில் 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள் மட்டும் பெற்றுக் கடைசி இடத்துக்கு இறங்கியது. நிர்வாகம் அவரைத் தொடரவிட்டது, ஆனால் 2019-20இல் ஆறு ஆட்டங்களில் ஒரே வெற்றியுடன் அவர் விலகினார். அவருக்குப் பின் வந்த ஓவன் கோய்ல், கிரிகரியின் காலத்தில் சேர்க்கப்பட்டிருந்த வெளிநாட்டு ஆட்டக்காரர்களான வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ ஆகியோரை வைத்தே அணியை இறுதிப் போட்டிவரை கொண்டுசென்றார்; வால்ஸ்கிஸ் 15 கோல்களுடன் தங்கக் காலணி விருதும் பெற்றார். ஆகவே ஆள் தேர்வில் கிரிகரி தவறியதாகச் சொல்ல முடியாது, அவர்களை ஆடவைத்த முறையிலேயே குறை இருந்தது. புள்ளிப் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு புலப்படாது.

கல்லூரிப் பயிற்றுநருக்கோ வெளிநாட்டு ஆட்டக்காரர் கிடைக்கமாட்டார். சேர்க்கையில் வந்தவர்களே அணி. எனவே பருவம் முடிந்ததும் விளக்கக் கடிதம் கேட்கும் முன், முதல்வரும் விளையாட்டுக் குழுவினரும் அந்தப் பதிவேட்டைப் பயிற்றுநருடன் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டும்.