ஒரு மணி நேரம்

கரிசல் காட்டுப் பிள்ளைகளுக்குப் பனி என்றால், மார்கழி அதிகாலையில் பருத்திச் செடியில் நிற்கும் ஈரம்தான். ஊரே உறைந்து கிடக்கும் என்று சொன்னால் நம்ப மாட்டோம்.

ஓட்டப்பிடாரத்தில் நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, அப்படியொரு ஊரைக் கதையில் கூட்டிவந்தார் எங்கள் சார். ரஷ்ய எழுத்தாளர் சாமுயில் மார்ஷாக் 1943-ல், யுத்தத்துக்கு நடுவே குழந்தைகளுக்காக எழுதிய 'பன்னிரண்டு மாதங்கள்' நாடகம் அது.

புத்தாண்டுக்கு முந்தைய இரவு. வசந்தத்தில் மட்டுமே பூக்கும் பூ இப்போதே வேண்டும் என்கிறாள் சின்ன வயசு ராணி. கூடை நிறையத் தங்கம் பரிசு. ஆசைப்பட்ட சித்தி, மூத்தாள் மகளைக் கொட்டும் பனியில் காட்டுக்கு விரட்டுகிறாள். விறைத்துச் சாக வேண்டிய சிறுமி, தூரத்தில் ஒரு நெருப்பைப் பார்க்கிறாள். பன்னிரண்டு மாதங்களும் மனிதர்களாக அதைச் சுற்றி உட்கார்ந்து குளிர்காய்கிறார்கள். ஜனவரி மனமிரங்க, கோல் கைமாறி ஏப்ரலிடம் வருகிறது. ஒரே ஒரு மணி நேரம் வசந்தம். பனி உருகிப் பூ பூக்கிறது!

வெளியே பங்குனி வெயிலில் கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

"நம்ம காட்டுல அந்தப் பன்னெண்டு பேரையும் பார்த்தா, யார்கிட்ட ஒரு மணி நேரம் கேப்பீங்க?" என்றார் சார்.

"ஐப்பசி!" என்று கத்தினோம். வானம் பார்த்த பூமிக்கு மழையை விட்டால் வேறென்ன வேண்டும்?

கடைசி வரிசையில் ஒரு பெண். அம்மா இல்லை, சித்தியிடம் வளர்ந்தாள். கோழி கூப்பிடும் முன்பே தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். வேலை இல்லாத நாளில்தான் அவளுக்குப் பள்ளிக்கூடம். மெதுவாகச் சொன்னாள்:

"மார்கழி சார். அப்பதான் ராத்திரி பெருசா இருக்கும். இன்னொரு மணி நேரம் ஒறங்கலாம்லா?"

வகுப்பே சிரித்தது. நானும்தான். சார் மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கதைச் சிறுமியைக் கொல்லப் பார்த்த குளிர்காலத்தையே இவள் வரமாகக் கேட்டிருக்கிறாள் என்பது எனக்குப் புரியப் பல வருடங்கள் ஆயின. வண்டி மார்கழியிலும் அதே நேரத்துக்குத்தான் வந்தது. இருட்டுதான் கூடுதல்.

14 வயது நிறையாதவர்களைத் தீப்பெட்டித் தயாரிப்பில் வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1986-ல் சட்டம் வந்தது. அதற்குள் அவள் பள்ளிக்கு வருவதே நின்றுபோயிருந்தது.

"இன்னும் அஞ்சு நிமிஷம்ப்பா" என்று என் மகள் போர்வைக்குள் சுருண்டுகொள்ளும் காலைகளில், எழுப்பப் போன கை அப்படியே நின்றுவிடுகிறது.