மீட்டிங்கில் இருக்கிறேன்

தெற்கு மாட வீதியில் காய் வாங்கும்போது யாராவது ஒரு மாமி என்னைக் காட்டிப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார்: "ஜப்பான்ல இருந்தான். அப்பாவுக்காக எல்லாத்தையும் விட்டுட்டு வந்துட்டான். இந்தக் காலத்துல யார் வருவா?" நான் கத்தரிக்காயைப் புரட்டிப் பார்க்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கமான பிள்ளை என்று அதற்கும் சேர்த்து ஒரு பாராட்டு விழும். ஐந்து வருஷமாக இப்படிச் சம்பாதித்த நல்ல பெயரில் பாதிக்கு மேல் கலப்படம். அதைத்தான் ஒத்துக்கொள்ள வந்திருக்கிறேன்.

முதலாவது, நான் எதையும் விட்டுவிட்டு வரவில்லை. 2016 முதல் நாலு வருஷம் கோபே நகரத்தில் வேலை பார்த்தேன். துறைமுக யார்டில் எந்தக் கன்டெய்னரை எந்த வரிசையில், எத்தனையாவது அடுக்கில் வைப்பது என்று கணக்குப் போடும் மென்பொருள் செய்கிற அலுவலகம். 2020 மார்ச்சில் லீவுக்கு வந்தவன் கொரோனாவில் இங்கேயே மாட்டிக்கொண்டேன். "அங்கிருந்தே வேலையைப் பாருங்கள்" என்றார்கள். அம்மா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அப்பா தனியாக இருந்தார். விமானம் ஓடாததால் தங்கிப்போனதை, அப்பாவுக்காகத் தங்கியதாக ஊர் எடுத்துக்கொண்டது. நான் மறுக்கவில்லை.

இரண்டாவதுதான் பெரியது. கோபேக்கும் மயிலாப்பூருக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். அங்கே காலை 9 மணி என்றால் இங்கே 5.30. அங்கே மாலை 6 மணிக்குக் கடையைக் கட்டினால் இங்கே மதியம் 2.30. அதற்கு மேல் முழுப் பொழுதும் என்னுடையது. ஆனால் 2.30-க்குப் பிறகும் நான் காதிலிருந்து ஹெட்ஃபோனை எடுப்பதில்லை. அப்பா கதவை லேசாகத் தள்ளி எட்டிப் பார்த்தால் ஒரு விரலை உதட்டில் வைத்து, மறு கையால் திரையைக் காட்டுவேன். மீட்டிங் என்று அர்த்தம். அவர் சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போவார். திரையில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருக்கும்.

அப்பா எதற்காக வருவார்? பெரும்பாலும் ஒரு கேள்வியோடு. "உங்க கம்ப்யூட்டர்ல ரீஃபர் பெட்டியைத் தனியா வைக்கத் தெரியுமா?" "அங்க பைலட் எத்தனை மைல்ல ஏறுவான்?" அவர் 1968-ல் மெட்ராஸ் துறைமுகத்தில் டாலி கிளார்க்காகச் சேர்ந்தவர். கப்பலிலிருந்து இறங்குவதையும் ஏறுவதையும் எண்ணி எழுதுகிற வேலை. சுண்ணாம்புக் கட்டி, நோட்டுப் புத்தகம், காதில் செருகிய பென்சில். 2006-ல் ஓய்வு பெறும்வரை முப்பத்தெட்டு வருஷம் அந்தச் சுவருக்குள்தான் இருந்தார்.

இங்கே இன்னும் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். அந்தக் காலத்தில் பெல்லாரி, ஹோஸ்பேட் பக்கத்து இரும்புத் தாது ரயிலில் வந்து மெட்ராஸில் கப்பலேறும். போகிற நாடுகளில் முக்கியமானது ஜப்பான். தாதுத் தூள் காற்றில் பறந்து எல்லாவற்றிலும் படியும். தூசிச் சரக்குகளுக்கு எதிராக உயர் நீதிமன்றம் 2011-ல் உத்தரவு போடும்வரை வட சென்னை மக்கள் அந்தச் சிவப்பையும் நிலக்கரியின் கறுப்பையும் சுவாசித்தார்கள். மயிலாப்பூரில் எங்களுக்கு வந்தது அப்பாவின் சட்டை மட்டும்தான். வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பட்டையும் கை மடிப்பும் செம்மண் நிறத்தில் இருக்கும். அம்மா அவற்றைத் தனி வாளியில் ஊறப்போடுவாள். என் வகுப்புப் பையன்களின் அப்பாக்கள் வங்கி அதிகாரி, ஆடிட்டர், வக்கீல். "உங்கப்பா என்னடா பண்றார்?" என்று கேட்டால், "கவர்ன்மென்ட்ல இருக்கார்" என்பேன். துறைமுகம் என்ற வார்த்தையைப் பள்ளிக்கூடம் முடியும்வரை நான் சொன்னதாக ஞாபகம் இல்லை.

அப்படிப்பட்டவன் கோபேக்குப் போய்த் துறைமுக ரசிகனாக மாறினேன். 1868-ல் அந்நியக் கப்பல்களுக்குத் திறந்துவிடப்பட்ட ஊர் அது. பின்னால் ரொக்கோ மலை, முன்னால் ஆழமான கடல், நடுவில் ஒடுங்கிய நகரம். கிட்டானோ மேட்டில் ஐரோப்பிய வியாபாரிகளின் பழைய வீடுகள். 1923 பூகம்பத்தில் யோகோஹாமா தரைமட்டமானபோது அங்கிருந்த சிந்தி வியாபாரிகள் பலர் கோபேக்கு இடம்பெயர்ந்தார்கள். 1935-ல் எழும்பிய மசூதி, உலகப்போர்க் குண்டுகளுக்கும் 1995 பூகம்பத்துக்கும் தப்பி இன்னும் நிற்கிறது. கொஞ்சம் தள்ளி ஒரு சமணக் கோயில். ஞாயிற்றுக்கிழமைகளில் இதையெல்லாம் சுற்றிப் படம் எடுத்து, நீளநீளமாக எழுதி நண்பர்களுக்கு அனுப்புவேன். கடல்சார் அருங்காட்சியகத்தில் சரக்கு எண்ணுகிறவர்களின் பழைய புகைப்படம் ஒன்றின் முன்னால் பத்து நிமிஷம் நின்றிருக்கிறேன். கையில் அட்டை, காதில் பென்சில். எவ்வளவு அழகான வாழ்க்கை என்று நினைத்தேன். அன்றிரவு அப்பா போன் செய்தபோது களைப்பாக இருக்கிறது என்று வைத்துவிட்டேன்.

ஒரு தடவை அலுவலகத்தில் உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். மெட்ராஸுக்கு இயற்கைத் துறைமுகமே கிடையாது, கப்பல்கள் தூரத்தில் நிற்க, ஆளும் சரக்கும் மசூலாப் படகில் அலையைத் தாண்டிக் கரை சேர்ந்தார்கள் என்று ஆரம்பித்தேன். 1875-ல் அடிக்கல் நட்டார்கள், எழும்பிய சுவர்களை 1881 புயல் உடைத்தது, பிறகு பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற பொறியாளர் வாசலையே வடகிழக்குப் பக்கம் மாற்றினார், அந்தச் சுவர் தடுத்துச் சேர்த்த மணலில்தான் மெரினா இவ்வளவு அகலமானது, வடக்கே ராயபுரத்துக் கரையைக் கடல் தின்றது என்று சொல்லி முடித்தபோது நல்ல கைதட்டல். அத்தனையும் முந்தின ராத்திரி இணையத்தில் படித்தது. அந்தச் சுவர் மேல் முப்பத்தெட்டு வருஷம் நடந்தவரை நான் கேட்கவில்லை.

நான் கோபேக்குக் கிளம்பும் முன் அப்பா கேட்டது ஒரே கேள்வி. 1995 ஜனவரி 17 பூகம்பத்தைத் தூர்தர்ஷனில் பார்த்தவர் அவர். ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் செத்த பூகம்பம். துறைமுகத்தின் மேடைகள் கடலுக்குள் சரிந்து, கிரேன்கள் கால் அகட்டி நின்றதை அவர் மறக்கவில்லை. "அந்த கிரேனையெல்லாம் நிமித்திட்டாங்களான்னு பார்த்துட்டு வா" என்றார். "அது எப்பவோ நடந்ததுப்பா" என்று பெட்டியை மூடினேன்.

மூன்றாவது, எழுதக் கை கூசுகிறது. 2022-ல் எங்கள் மென்பொருள் ஒரு சோதனையில் அடம்பிடித்தது. கப்பலில் முன்பக்கம் ஏறவேண்டிய பெட்டிகளை யார்டின் தப்பான மூலையில் கொண்டுபோய் அடுக்கியது. இரண்டு வாரம் மண்டையைக் குழப்பினோம். ஒரு நாள் தோசை சாப்பிடும்போது எரிச்சலில் அப்பாவிடம் உளறினேன். அவர் சட்னியைத் தொட்டபடியே கேட்டார்: "கப்பல் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்குன்னு கேட்டியா? இடது பக்கம் கட்டினா மூக்கு ஒரு திசை, வலது பக்கம் கட்டினா எதிர்த் திசை. வரிசை அப்படியே தலைகீழாயிடுமே." போய்ப் பார்த்தால் அந்த ஒரு கட்டத்தைத்தான் யாரோ நிரப்பாமல் விட்டிருந்தார்கள். மறுநாள் மீட்டிங்கில் (இது நிஜமான மீட்டிங்) என் சொந்த யோசனையாக அதைச் சொன்னேன். தலைவர் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். மதியம் அப்பா, "அது சரியாச்சா?" என்று கேட்டார். "ம், வேற பிரச்சினைப்பா அது" என்றேன்.

மிக்ஜாம் புயல் 2023 டிசம்பரில் வந்தது. கரண்ட் இல்லை, இணையம் இல்லை, போனில் சிக்னல் இல்லை. இன்வெர்ட்டரும் இறங்கிவிட்டது. பொய் சொல்ல ஒரு கருவியும் மிச்சமில்லாத நாள். அப்பா இருட்டில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, "எத்தனாம் நம்பர் கூண்டு ஏத்தியிருக்கான்?" என்று கேட்டார். பிறகு அவராகவே சொன்னார்: "புயல்னா கப்பலை உள்ள வச்சிருக்கக் கூடாது. சுவர்ல மோதி அதுவும் உடையும், சுவரும் உடையும். கயிறை அவுத்து வெளியில அனுப்பிடணும். நடுக்கடல்தான் அதுக்குப் பத்திரம்." நல்ல பேச்சு ஆரம்பித்திருந்தது. மழை விட்டதும் நான் அடையாரில் ஜெனரேட்டர் உள்ள ஒரு நண்பன் வீட்டுக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் கிளம்பினேன். அன்றைக்கு அவசர வேலை எதுவும் இல்லை. கப்பலை அனுப்புகிற மாதிரி அவர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு படி வரை வந்தார்.

இந்தப் பொய்கள் அவருக்குத் தெரியாது என்றே நம்பியிருந்தேன். தெரியும் என்று எனக்குத் தெரிந்தது அதே வருஷம், புயலுக்கு முன்னால், ஜூலை 17-ல். அன்று ஆடி முதல் நாள். காலை பதினொரு மணிக்கு அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். "ஆட்டோ பிடிச்சு போர் நினைவுச் சின்னம் வரைக்கும் போயிட்டு வரலாமா? துறைமுகம் பார்த்து நாளாச்சு" என்றார். நான் ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து மட்டும் விலக்கி, "சாயங்காலம் வரைக்கும் மீட்டிங் இருக்குப்பா" என்றேன். "சரிப்பா, நீ பாரு" என்று திரும்பினார். சட்டையைக் கழற்றி அவர் ஹேங்கரில் மாட்டுகிற சத்தம் கேட்டது. நான் ஒரு தொடரின் நாலு பகுதிகளைப் பார்த்து முடித்தேன்.

ராத்திரி தண்ணீர் குடிக்கப் போனபோது கூடத்துக் காலண்டர் கண்ணில் பட்டது. கோபே அலுவலகம் வருஷா வருஷம் அனுப்புவது. ஜனவரியில் ஒரு நாள் ஏதோ நல்ல மனநிலையில், சிவப்புத் தேதி ஒவ்வொன்றும் என்ன விடுமுறை என்று அப்பாவுக்கு நான் படித்துக் காட்டியிருந்தேன். அவர் டாலி கிளார்க். கேட்டதை எழுதாமல் விடமாட்டார். ஜூலை 17-க்குப் பக்கத்தில் பென்சிலில், சின்னச் சின்ன எழுத்தில், 'கடல் தினம். ஆபீஸ் லீவு' என்று இருந்தது. ஜூலை மாதத்து மூன்றாம் திங்கள்கிழமை ஜப்பானில் கடலுக்காக நாடே விடுமுறை எடுக்கிறது. அதைத் தெரிந்துகொண்டுதான், அந்த நாளாகப் பார்த்துத்தான், சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

மறுநாள் அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

தூரத்திலிருந்து வேலை பார்க்கிறவர்களுக்கென்று ஜப்பான் 2024-ல் ஆறு மாத விசா ஒன்றைக் கொண்டுவந்தது. வருஷத்துக்கு ஒரு கோடி யென் சம்பாத்தியம் காட்டவேண்டும். தகுதியுள்ள நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. நண்பர்கள் எனக்காக வருத்தப்பட்டார்கள். எனக்கு விசா எதற்கு? மாட வீதியில் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து வருஷமாகக் கோபேயில்தான் இருக்கிறேன். அங்கே துறைமுகம் என்றால் வரலாறு. இங்கே துறைமுகம் என்றால் தனி வாளியில் ஊறுகிற சட்டை. அந்தச் சட்டையின் பக்கத்தில் உட்கார எனக்கு இன்னும் கூச்சம் போகவில்லை என்பதுதான் இத்தனை மீட்டிங்குகளுக்கும் காரணம்.

போன மாதம் ஒரு நாள் நாலு மணிக்கு, யாரும் தட்டாமலே, நானே போய் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். போனில் கோபேயின் மெரிக்கென் பூங்காவின் படத்தைக் காட்டினேன். பூகம்பத்தில் உடைந்த மேடையில் ஒரு துண்டை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். பிளந்த கான்கிரீட், தண்ணீருக்குள் சாய்ந்த விளக்குக் கம்பங்கள். "கிரேனைக் கேட்டா லைட் போஸ்டைக் காட்டறியே" என்றார். பிறகு இரண்டு விரலால் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார்.

"அந்த வாரம் பூரா எங்க யார்டுல கோபே பெட்டிங்க நின்னுட்டு இருந்தது. எங்க அனுப்பறதுன்னு யாருக்கும் தெரியல. ஒரு பெட்டியில..." என்று ஆரம்பித்தார்.

என் போன் அதிர்ந்தது. சர்வர் படுத்துவிட்டது, எல்லாரும் உடனே வரவும். கோபேயில் அப்போது ராத்திரி 7.30. ஐந்து வருஷத்தில் அந்த நேரத்துக்கு வந்த முதல் அழைப்பு.

"நெஜமாவே மீட்டிங்ப்பா" என்றேன்.

"தெரியும்ப்பா, போ" என்று சிரித்துவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

இருபது நிமிஷத்தில் முடித்துவிட்டு ஓடி வந்தேன். அப்பா பேப்பரை மார்பில் போட்டுக்கொண்டு தூங்கியிருந்தார். எழுந்தபிறகு கேட்டதற்கு, "என்ன பெட்டி?" என்றார். கோபேக்குப் போகவேண்டிய அந்தப் பெட்டிகள் இன்னும் மெட்ராஸ் யார்டிலேயே நிற்கின்றன.