ஒரு மேம்பாலமும் 36 வளைவுகளும்

ஸ்ரீபெரும்புதூர்க்காரன் சைக்கிளில் மலை ஏறப் போகிறேன் என்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? எங்கள் பக்கம் தரை, தோசைக்கல் மாதிரி. ஒரகடம் மேம்பாலம்தான் எங்களுக்கு இமயமலை! ஷிஃப்ட் முடிந்ததும், கன்டெய்னர் லாரிகளுக்குப் பயந்தபடி அதில் பத்துத் தடவை ஏறி இறங்குகிறேன். நாலு நாள் பார்த்த டீக்கடை அண்ணன், "எதையாச்சும் தொலைச்சிட்டியா தம்பி?" என்று கவலையோடு விசாரித்தார்.

விஷயம் இதுதான். 2008-ல் தொடங்கிய நீலகிரி சைக்கிள் டூருக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். அதில் கல்லட்டி மலைப்பாதை என்று ஒரு பூதம் இருக்கிறது. மசினகுடிப் பக்கமிருந்து ஊட்டிக்கு ஏற, 36 கொண்டை ஊசி வளைவுகள். டூர் டி பிரான்ஸில் வீரர்களை அழவைக்கும் ஆல்ப் துவெஸ் மலையிலேயே 21 தான் சார்!

"முதல் வளைவுல வீரம் காட்டாதே. சின்ன கியர் போட்டு, மூச்சைப் பார்த்து மிதி" என்றான், ஏற்கெனவே ஏறிய நண்பன். கேட்டதும் இருந்த மூச்சும் போச்சு.

ராத்திரி அப்பாவிடம் புலம்பினேன். இருபது வருஷம் சைக்கிளில் வேலைக்குப் போனவர்.

"முடியலைன்னா இறங்கித் தள்ளுடா. உன்னையும் அம்மாவையும் வெச்சு எதிர்காத்துல மிதிச்சிருக்கேன். முடியாதப்போ தள்ளியும் இருக்கேன். வீடு வந்து சேரலையா?"

அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.

மிதித்தே ஊட்டி சேர்ந்தால் முதல் போன் அப்பாவுக்கு. தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தாலும் அவருக்குத்தான்!