மஞ்சவாடிக் கணவாய் வழியாக...

சேலத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போக வழிகள் பல உண்டு. அவசரம் இல்லாதவர்கள் அரூர் மார்க்கமாகப் போகவேண்டும். அயோத்தியாப்பட்டணம் தாண்டியதுமே பட்டணத்துச் சந்தடி பின்தங்கிவிடும். தென்னந்தோப்பும், மரவள்ளிக் கொல்லையும், இடையிடையே மஞ்சள் வயலும் கண்ணுக்குக் குளிர்ச்சியாகக் கூடவே வரும். பிறகு மலைகள் இரு பக்கமும் நெருங்கி வர, சாலை வளைந்து வளைந்து மஞ்சவாடிக் கணவாயில் ஏறுகிறது. கணவாயைக் கடந்தால் தர்மபுரி ஜில்லா.

2018-ல் இந்தப் பக்கத்துக் கிராமங்களின் பெயர் தினந்தோறும் பத்திரிகையில் அடிபட்டது. சேலத்திலிருந்து சென்னைக்குச் சுமார் 277 கிலோ மீட்டர் நீளத்தில், பத்தாயிரம் கோடி ரூபாய்ச் செலவில், எட்டு வழிச் சாலை போடத் திட்டம் வந்தது. ஐந்து ஜில்லாக்களின் வழியே அது போவதாக இருந்தது. பழைய சாலையை அகலப்படுத்துவது அல்ல. வயலுக்கும் தோப்புக்கும் நடுவே புத்தம் புதிதாக ஒரு கோடு!

அந்த ஜூன் மாதத்தில் அளவுக்கல் நட ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களை மறித்துக்கொண்டு முன்னால் நின்றவர்களில் பெண்கள் அநேகர். அழுதவர்களும் உண்டு, மண்ணில் விழுந்து புரண்டவர்களும் உண்டு. ஏன் இருக்காது? தென்னை ஒரு வருஷத்துப் பயிரா? கிணறு என்ன, கடையில் வாங்கி வைக்கிற சாமானா? மகள் கல்யாணத்துக்கும் மகன் படிப்புக்கும் கை கொடுத்த பூமி அல்லவா!

“நம் நிலத்தை நம்மைக் கேட்காமல் சர்க்கார் எடுத்துக்கொள்ள முடியுமா?” என்று கேட்பீர்கள். முடியும். சொத்துரிமை ஒரு காலத்தில் அடிப்படை உரிமையாக இருந்தது. 1978-ல் வந்த 44-வது திருத்தம் அதை அந்த ஸ்தானத்திலிருந்து இறக்கிவிட்டது. சட்டப்படியல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்கிற பாதுகாப்பு மட்டும் மிஞ்சியது.

தேசிய நெடுஞ்சாலைக்கென்று தனிச் சட்டமே இருக்கிறது, 1956-ல் பிறந்தது. முதலில் கெஜட்டில் அறிவிப்பு வரும். உள்ளூர்ப் பத்திரிகைகளிலும் வரும். அன்றிலிருந்து 21 நாளைக்குள் ஆட்சேபத்தை எழுத்து மூலம் கொடுக்கவேண்டும். ஆட்சேபம் தள்ளப்பட்டால் அடுத்த அறிவிப்பு. அது வெளியான உடனே நிலம் மத்திய சர்க்காருக்குச் சொந்தமாகிவிடுகிறது. நஷ்ட ஈட்டுப் பணம் கட்டப்பட்ட பிறகு, 60 நாளில் சுவாதீனத்தை ஒப்படைக்கும்படி நோட்டீஸ் வரும். தொகை போதாது என்றால் மத்தியஸ்தரிடம் முறையிடலாம்.

நஷ்ட ஈட்டை 2013-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி கணக்கிடுகிறார்கள். மண்ணுக்கு மட்டும் அல்ல, மரத்துக்கும் கிணற்றுக்கும் வீட்டுக்கும் விலை உண்டு. அதற்கு மேல், அதே அளவு ஆறுதல் தொகையும் உண்டு. ஆனால் அந்தச் சட்டம் கேட்கிற சமூகப் பாதிப்பு ஆய்வு நெடுஞ்சாலைக்கு வேண்டியதில்லை என்று விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். பணத்தில் தாராளம்; கேள்வி கேட்பதில்தான் சிக்கனம்!

ஊத்தங்கரை தாண்டிச் செங்கம் வந்துவிட்டோம். சங்க காலத்தில் இது நன்னன் ஆண்ட செங்கண்மா. அவனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தருக்கு, மலை வழியில் எங்கே ஆபத்து, எந்த ஊரில் சோறு கிடைக்கும் என்றெல்லாம் சொல்லுகிற பாட்டுத்தான் ‘மலைபடுகடாம்’. வழியைப் பற்றியே ஒரு நூல் எழுந்த சீமை இது. சாலையை வெறுக்கிறவர்கள் அல்ல இந்த ஊர்க்காரர்கள். பிரசவ வேதனைக்காரியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நல்ல சாலை வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாதா? யார் பயணத்துக்கு யார் வயல் என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி.

வழக்குச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2019 ஏப்ரல் 8-ல் அது நில எடுப்பு அறிவிப்புகளை ரத்துச் செய்தது. 2020 டிசம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம் வேறு விதமாகத் தீர்ப்புச் சொல்லிற்று: முதல் அறிவிப்பு செல்லும், ஆனால் அந்த அறிவிப்பை மட்டும் வைத்துக்கொண்டு வருவாய்த்துறைப் பதிவேட்டில் பெயரை மாற்றியது செல்லாது, உரியவர் பெயரையே திரும்பப் பதியவேண்டும்.

பெயர் என்றதும் நம் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. நஷ்ட ஈடு கொடுக்கும்போது முதலில் பார்ப்பது பட்டாவில் யார் பெயர் என்பதைத்தான். தமிழ்நாட்டில் இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு உண்டு என்று 1989-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் களையெடுத்து, தண்ணீர் பாய்ச்சி, தென்னம்பிள்ளையைத் தோளில் சுமந்தவள் பெயர் எத்தனை பட்டாவில் இருக்கிறது? ஊரில் பூர்வீக நிலம் உள்ளவர்கள் அடுத்த முறை போகும்போது மாம்பழக் கூடையோடு திரும்பிவிடாமல், பட்டாவையும் ஒரு தடவை வாங்கிப் பாருங்கள்.

செங்கத்தை விட்டால் சிறிது தூரத்திலேயே அண்ணாமலை தெரியத் தொடங்குகிறது. பழைய இரு வழிச் சாலைதான். மாட்டு வண்டிக்காக ஓரிடத்தில் நிற்கத்தான் வேண்டியிருக்கிறது. நின்றால் என்ன? பக்கத்து வயலில் கடலைக்கொடி பிடுங்குகிற பெண்களின் பேச்சுக் காதில் விழுகிறதே!